பரவாயில்லை என்று எழுதாத கடிதம்

டிரெவர் ஹாவொர்த்தின் காலை யாராவது மிதித்தால் டிரெவர்தான் மன்னிப்புக் கேட்பார். எங்கள் ஊர் கிராக்டேலில் பாதிப் பேர் அப்படித்தான். டிரெவர் அதிலும் ஒரு படி மேலே. ஒருமுறை சந்தை நிறுத்தத்தில் சும்மா நின்றிருந்த அவருடைய பஸ்ஸின் முதுகில் ரொட்டி வேன் ஒன்று வந்து இடித்தது. டிரெவர் இறங்கிப் போய், "மன்னிச்சுக்குங்க, நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தியிருக்கணும்" என்றார். வேன்காரன் அதை அப்படியே காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அந்தக் காகிதத்தோடு கம்பெனி வக்கீல் நாலு மாதம் மல்லுக்கட்டினார். கடைசியில் வக்கீலிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் டிரெவர் ஓய்ந்தார்.

ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷமாக எங்கள் டிப்போவில் பஸ் ஓட்டுகிறார். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தியிடம் கேட்டாராம், அவள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் "உனக்கு வேண்டாம்னா பரவாயில்ல" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாராம், மூன்றாவது தடவை அவள் நம்பிவிட்டாளாம். இது டிப்போவில் சுற்றும் கதை. உண்மையா என்று அவரையே கேட்டால் காது மடல் சிவக்குமே தவிர பதில் வராது.

வீட்டில் அவரும் தம்பி ஆலனும்தான். ஆலனுக்கு நாற்பத்தெட்டு வயது, பிறவியிலேயே டவுன் சின்ட்ரோம். பெற்றவர்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணனிடம் இருக்கிற கூச்சத்தில் ஒரு துளிகூடத் தம்பியிடம் கிடையாது. வேண்டியதை வேண்டும் என்பான், வேண்டாததைத் தள்ளி வைப்பான். "இன்னொரு டோஸ்ட் வேணும். ஜாம் ஓரம் வரைக்கும் வரணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவான். வார நாட்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையத்துக்குப் போய்த் தோட்ட வேலை செய்கிறான். அவன் வளர்த்த லீக் வெங்காயத்தாளுக்கு ஊர்க் கண்காட்சியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. நாலு பேர்தான் போட்டியிட்டார்கள் என்பதை வீட்டில் யாரும் பேசக் கூடாது.

மையத்து வேன் காலை எட்டு இருபதுக்கு வரும், மாலை நாலேகாலுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். வீட்டில் ஒரு பெரிய ஆள் நின்று கைமாற்றிக் கொடுக்க வேண்டும், கைமாற்றி வாங்க வேண்டும். இது மையத்தின் விதி. டிரெவருடைய வேலையோ ஒரு வாரம் விடிகாலை ஐந்து பத்துக்கு, மறு வாரம் மதியம் மூன்று மணிக்கு ஆரம்பிக்கும். ஒன்று காலை வேனைத் தவறவிட வேண்டும், இல்லையென்றால் மாலை வேனை. ஒன்பது வருஷம் அந்த ஓட்டையை அடைத்தவள் பக்கத்து வீட்டு ஜாய்ஸ். போன கிறிஸ்துமஸோடு அவளுடைய முழங்கால் கைவிட்டது. மகள் வந்து தெற்கே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி முழுக்க டிரெவர் பலகையை நம்பி ஓட்டினார். எங்கள் டிப்போ தேநீர் அறையில் ஒரு தக்கைப் பலகை இருக்கிறது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள விரும்புகிறவன் சீட்டு எழுதிக் குத்தி வைப்பான், ஒத்துக்கொள்கிறவன் கீழே கையெழுத்துப் போடுவான். கையெழுத்துப் போட்டவனுடைய லாக்கர் மேல் மறுநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, மீறியவன் கிடையாது. அந்த மாதம் டிரெவர் வாங்கிய பிஸ்கட்டைப் பார்த்து, பாலர் பள்ளி ஏதாவது நடத்துகிறீர்களா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். பிப்ரவரி பிறந்ததும் ஆட்கள் அந்தப் பலகைப் பக்கமே போவதை நிறுத்தினார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று ஒருவனும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குனிந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அதற்கு முன்பே, ஜனவரி கடைசியில், நகரசபையின் சமூகப் பணியாளர் ஜில் வீட்டுக்கு வந்திருந்தாள். நல்ல பெண்தான். சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள நிலையான ஏற்பாடு ஒண்ணு வேணும், டிரெவர். போன வாரம் ரெண்டு தடவை வேன் வந்து, வீட்டுல ஆள் இல்லாம ஆலனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

"மன்னிச்சுக்குங்க. இனிமே நடக்காது."

"உங்க மேல தப்புன்னு சொல்லல. கடலோரத்துல ஒரு இல்லம் இருக்கு. நாப்பது மைல்தான். சுத்தமா இருக்கு, ஆளுங்களும் நல்லவங்க. இங்க ஏற்பாடு அமையலைன்னா ஆலனுக்கு அங்க ஒரு இடம் போட்டு வைக்கிறேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து ஆலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் டிரெவர் வேலை முடிந்து வந்தபோது ஆலனின் அறை வாசலில் பழுப்புநிறப் பெட்டி ஒன்று நின்றது. பூட்டு மாட்டியிருந்தது. "என்ன இது?" என்று டிரெவர் கேட்டதற்கு, "கட்டியாச்சு" என்றான். திறந்து பார்க்க டிரெவருக்குத் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனார். போதாக்குறைக்கு மூக்குக் கண்ணாடியையும் எங்கேயோ தொலைத்துவிட்டார். கவலை வந்தால் கையில் இருப்பதெல்லாம் காணாமல் போகும் என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார்.

அந்த வாரமே மேலாளர் ஃபியோனா பிரிண்டிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அந்த அபூர்வக் கடிதத்தை நானும் பார்த்திருக்கிறேன். "அன்புள்ள ஃபியோனா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்று தெரியும். வீட்டில் ஒரு சின்னச் சிக்கல். எப்போதாவது வாய்ப்பு அமைந்தால் என் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று யோசித்தேன். கட்டாயம் ஒன்றும் இல்லை. முடியாவிட்டால் பரவாயில்லை. மறுபடியும் மன்னிக்கவும்."

மறுநாள் பதில் வந்தது. "அன்புள்ள டிரெவர், இவ்வளவு பெருந்தன்மையாக எழுதியதற்கு நன்றி. இப்போதைக்குக் கஷ்டம்தான். மனதில் வைத்துக்கொள்கிறேன்."

டிரெவர் அதற்கு ஒரு நன்றி அனுப்பினார். ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். அதோடு கதை முடிந்தது என்று எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்பது நச்சரிப்பு, நச்சரிப்பது அசிங்கம். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தேதி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி மூன்றாவது வாரம். தேநீர் அறையில் நஸ்ரீன் அக்தர் எதிரே வந்து உட்கார்ந்தாள். பதினாலாம் எண் பஸ் ஓட்டுகிறவள், டிப்போவில் சங்கப் பிரதிநிதியும் அவள்தான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே கிராக்டேல், ஆனால் எங்கள் ஊர் நோய் அவளைத் தொற்றவே இல்லை.

"டிரெவர், உங்க பிஸ்கட்டைத் தின்னு தின்னு எனக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு. என்னதான் நடக்குது வீட்டுல?"

டிரெவர் மென்று விழுங்கிச் சொன்னார். ஜாய்ஸ், வேன், ஜில், கடலோரம், ஏப்ரல் ஒன்று. பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஃபியோனாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். கடிதமே எழுதினேன். முடியாதுன்னுட்டாங்க."

"காட்டுங்க."

அவர் போனை நீட்டினார். நஸ்ரீன் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இது என்ன, துக்கம் விசாரிக்கிற கடிதமா?"

"வேண்டுகோள்."

"இதுல என்ன வேண்டியிருக்கீங்க? எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகணும், ஒண்ணும் இல்ல. என்னிக்கிலேர்ந்துன்னு இல்ல. தம்பி பேரே இல்ல."

"வீட்டுல சின்னச் சிக்கல்னு போட்டிருக்கேனே."

"ஆலன் சின்னச் சிக்கலா?"

டிரெவர் போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். நஸ்ரீன் அவரை விடவில்லை.

"இங்க பாருங்க. நேரத்தை மாத்திக் குடுங்கன்னு கேக்கறது சட்டப்படி உங்க உரிமை. கேட்டா குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்களைக் கூப்பிட்டு உக்காத்தி வச்சுப் பேசாம முடியாதுன்னு சொல்லக் கூடாது. முடியாதுன்னா சட்டத்துல இருக்கிற காரணத்துல ஒண்ணைக் காட்டணும். ரெண்டு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். இவ்வளவும் எப்போ? நீங்க கேட்டாத்தான். நீங்க இன்னும் கேக்கவே இல்ல, டிரெவர்."

"ரெண்டு மாசம்னா ஏப்ரல் தாண்டிடுமே."

"அதான் தேதியைப் போட்டு எழுதணும். எடுங்க போனை."

எழுதி முடிக்கச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. கண்ணாடி இல்லாததால் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு டிரெவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இரண்டு தடவை 'மன்னிக்கவும்' தானாகவே உள்ளே புகுந்தது; இரண்டு தடவையும் நஸ்ரீன் எட்டிப் பார்த்து அழிக்க வைத்தாள். கடைசியில் ஏழு வரி நின்றது. இது சட்டப்படியான வேண்டுகோள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதுக்கு முன் வேலை தொடங்க இயலாது, மாலை நாலுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச் 31 முதல் இந்த மாற்றம் வேண்டும். என் தம்பி ஆலனை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஏப்ரலில் அவன் நாற்பது மைல் தள்ளி ஓர் இல்லத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

"கடைசியில ஒரு நன்றியாவது போட்டுக்கறேனே" என்றார் டிரெவர்.

"ஒண்ணே ஒண்ணு."

அனுப்பிவிட்டு, கொலை செய்தவர் மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் ஆறாம் தேதி ஃபியோனா கூப்பிட்டாள். துணைக்கு நஸ்ரீனும் போனாள். ஃபியோனாவைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தாறு வயது, தொண்ணூறு டிரைவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எண்பதை வைத்துக்கொண்டு ஊரை ஓட்டுகிறவள். தேநீர் போட்டு வைத்திருந்தாள். அவள் முகமே சரியில்லை.

"தம்பியை அனுப்ப வேண்டியிருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே, டிரெவர்."

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன்."

"பரவாயில்லன்னு நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, அப்பாடா, ஒருத்தராவது தலைவலி தராம இருக்காரேன்னு சந்தோஷப்பட்டேன். மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"இல்ல, என் தப்புதான்."

"இல்லல்ல, நான்தான் தெளிவா எழுதியிருக்கணும்."

"ரெண்டு பேரும் மன்னிப்பை முடிச்சுட்டீங்கன்னா விஷயத்துக்கு வரலாம்" என்றாள் நஸ்ரீன். "நான் ரெண்டு மணிக்கு பஸ் எடுக்கணும்."

ஃபியோனா டியூட்டி அட்டவணையை மேஜையில் விரித்தாள். "ஒருத்தருக்குப் பகல் நேரத்தை நிரந்தரமாக் குடுத்தா அவரோட விடிகாலையும் ராத்திரியும் மத்தவங்க தலையில விழும். நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. ஜூன்ல கோடை அட்டவணை போடுவோம். அதுல பாத்துக்கலாமா? ஏப்ரல்னா ரொம்ப நெருக்கமா இருக்கு. உங்களால கொஞ்சம் சமாளிக்க முடியும்ல?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். அன்பாகக் கேட்டால் எங்கள் ஊர்க்காரனுக்கு மறுக்கத் தெரியாது. ஐம்பத்து நாலு வருஷப் பழக்கம் டிரெவரின் வாயை அதன்பாட்டுக்குத் திறந்தது.

"சரி, முடியலைன்னா..."

நஸ்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரெவர் நிறுத்தினார். குளியலறைக்குப் போகும் வழியில் நிற்கிற பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் பூட்டு நினைவுக்கு வந்தது. கையிலிருந்த கோப்பையை மேஜை மேல் வைத்தார்.

"முடியலைன்னா பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியாது, ஃபியோனா. ஜூன்ல ஆலன் வீட்டுல இருக்க மாட்டான். அவன் போயிட்டா நானும் அந்த வீட்டுல இருக்கறதுல அர்த்தம் இல்ல. எனக்கு மார்ச் முப்பத்தொண்ணு வேணும்."

மன்னிக்கவும் என்று பின்னால் ஒட்டவில்லை. சர்க்கரை போடாத தேநீரை நஸ்ரீன் சுற்றிச் சுற்றிக் கலக்கினாள்.

"ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் டிரெவர். "ஆஸ்பத்திரிச் சுத்து. ஒன்பது பத்துக்கு ஏறி மூணே முக்காலுக்கு இறங்கறது. அதை எனக்கே குடுத்துடுங்க."

ஃபியோனா நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரிச் சுற்று என்றால் எங்கள் டிப்போவில் தண்டனை. அரை மைலுக்கு நாலு நிறுத்தம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பிடித்து நடக்கிற நடைச்சட்டம் வைத்திருப்பார்கள், மீதிப் பேர் குழந்தை வண்டி வைத்திருப்பார்கள். எல்லாரும் தங்கள் வியாதியை டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒருநாளும் நேரத்துக்கு முடியாது என்பதால் அட்டவணையிலேயே தாராளமாக நேரம் விட்டிருக்கும். ஒவ்வொரு மாதமும் அது யார் தலையில் விழுகிறது என்று சண்டை நடக்கும். போன மாதம் ஒருவன் அதற்குப் பயந்து முதுகுவலி என்று லீவு போட்டான்.

"தினமுமா? வாரம் முழுக்கவா?" என்று ஃபியோனா கேட்டாள்.

"ஆமா. ஏறுறவங்க பேசிட்டே வருவாங்க, அவ்வளவுதான. நான் கேட்டுட்டே ஓட்டுவேன்."

"மணிக்கணக்கு குறையும், டிரெவர். சம்பளமும் குறையும்."

"பிஸ்கட் செலவு மிச்சம்" என்றார் டிரெவர். நஸ்ரீன் சிரித்துவிட்டாள்.

ஃபியோனா அட்டவணையை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். "கணக்குப் போட்டுப் பாக்கணும். எழுத்துல பதில் சொல்றேன்" என்றாள். அது இதமாகத் தட்டிக் கழிக்கிற பேச்சா, நிஜமா என்று டிரெவருக்குப் பிடிபடவில்லை.

ஆறு நாள் பதில் இல்லை. அந்த ஆறு நாளில் கவலை தாங்காமல் அவர் இரண்டு தடவை நிறுத்தத்தில் நிற்காமல் போக, ஏற வேண்டியவர்கள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். ஏழாம் நாள் மதியம் அவருடைய தபால் அடுக்கில் ஓர் உறை இருந்தது. நின்றபடியே பிரித்தார். கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்துகள் கலங்கின. அந்தப் பக்கம் வந்த நஸ்ரீனிடம் கொடுத்தார்.

"உங்கள் வேண்டுகோள் ஏற்கப்படுகிறது" என்று அவள் படித்தாள். "மார்ச் 31 முதல், ஆஸ்பத்திரிச் சுற்று, திங்கள் முதல் வெள்ளி வரை, நிரந்தரமாக. அடப்பாவி, குடுத்துட்டாங்க. டிரெவர், அழறீங்களா?"

"இல்ல" என்றார் டிரெவர். பிறகு, "ஆமா" என்றார்.

லாக்கர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகவே அழுதார். மூன்று மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கிவிட்டதுபோல் இருந்தது. அங்கிருந்தே ஜில்லுக்குப் போன் போட்டார். ஜில் "இடத்தை ரத்து பண்ணிடறேன்" என்றாள். அவள் குரலும் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிச் சுற்று இனி வேறு யாருக்கும் வராது என்ற அறிவிப்பைப் பலகையில் ஒட்டினார்கள். பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்று ஃபியோனா பயந்தாளே, ஒருவனும் நிற்கவில்லை. மறுநாள் காலை டிரெவரின் லாக்கர் மேல் பதினேழு பிஸ்கட் பாக்கெட் அடுக்கியிருந்தது. யார் யார் வைத்தது என்று ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசித் திங்கள். முந்தின நாள்தான் கோடைக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தோம். அதில் ஏதாவது குளறுபடி ஆகிவிடுமோ என்று பயந்து டிரெவர் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். எட்டேகாலுக்கு அண்ணனும் தம்பியும் தூறலில் வாசல் கதவருகே நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு வேன் வந்தது. வேன் ஓட்டும் டெனிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "என்ன கண்ணு, இந்த வாரம் அண்ணன் முறையா?" என்று ஆலனைக் கேட்டாள்.

"தினமும் வருவான்" என்றான் ஆலன். "நான் சொல்லிட்டேன்."

மாலை நாலேகாலுக்கு அதே கதவருகே டிரெவர் அவனைக் கைமாற்றி வாங்கிக்கொண்டார். தேநீர் குடித்தார்கள். ஆலன் தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் டிரெவர் கேட்டார்.

"ஆலன், அந்தப் பெட்டியைப் பிரிச்சிடலாமா?"

"கடலோரம் போகலையா?"

"போகல. ஆகஸ்டுல லீவுக்கு வேணா ரெண்டு பேரும் போய் ஐஸ்கிரீம் தின்னுட்டு வரலாம். இருக்கறது இங்கதான்."

"நாளைக்கும்?"

"நாளைக்கும். அதுக்கு மறுநாளும்."

ஆலன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். இரண்டு மாதமாக அதைப் பையிலேயே வைத்திருந்தான். மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்துத் திறந்தார்கள். மேலே ஆலனின் வீட்டுச் செருப்பு, மூன்றாம் பரிசு ரிப்பன், பாதி காலியான ஜாம் பாட்டில், இரண்டு ஸ்வெட்டர். டிரெவர் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். அடியில் நீலக் கோடு போட்ட இரவு உடை ஒன்று நாலாக மடித்து இருந்தது. அது ஆலனுடையது இல்லை. அதன் பக்கத்தில் ஒரு ஷேவிங் பிரஷ். ஒரு காலுறைக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்த மூக்குக் கண்ணாடி.

"இது என்னோடது."

"ஆமா."

"ஜனவரியிலேர்ந்து வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடறேன். எதுக்குடா இதுக்குள்ள வச்ச?"

ஆலன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பது போன்ற பார்வை.

"நீயும் வரணும்ல. நானும் வரட்டுமான்னு நீ கேக்க மாட்ட. அதான் நானே எடுத்து வச்சுட்டேன்."

டிரெவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கழற்றி மறுபடி துடைத்தார். ஆலன் காலிப் பெட்டியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, ஜாம் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"டோஸ்ட் வேணும்" என்றான்.

"எத்தனை?"

"எனக்கு மூணு. உனக்கு எத்தனை வேணும்?"

டிரெவர் யோசித்தார். "எனக்கும் மூணு வேணும்" என்றார்.